ஆர்எக்ஸ் 100-ஐ டிராக் பைக் ஆக்கப் போறீங்களா? ஸ்பேனருக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க



போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க தெருத் தம்பி ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். இலந்தைகுளம் ஐடி பார்க்ல வேலை. கையில வர்ற சம்பளம் 28,000 ரூபாய். ஒரு கையில நோட்டுப் பேப்பர், இன்னொரு கையில போன்.

"அண்ணே, அப்பாவோட ஆர்எக்ஸை டிராக்குக்கு ரெடி பண்ணப் போறேன். மெக்கானிக் லிஸ்ட் குடுத்துட்டாரு. ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிருச்சுண்ணே. ஒரு பட்டன் தட்டுனா அக்கவுண்ட்ல ஏறிரும். தட்டவா?"

"தட்டாதே"ன்னு சொல்றது சுலபம். ஆனா அவன் ஆசையில எனக்குத் தப்பு எதுவும் தெரியல. அதனால ரெண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுலயும் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் நின்னா, இது உங்களுக்கும்தான்.

நம்ம ஊரு மசில் கார்

அமெரிக்காவுல 1964-ல பான்டியாக் ஜிடிஓன்னு ஒரு கார் வந்துச்சு. நடுத்தர சைஸ் காருக்குள்ள பெரிய இன்ஜினைத் தூக்கி வெச்சாங்க. மசில் கார்ங்கிற வகை பிரபலமானது அதுலேர்ந்துதான். எடை குறைவு, இழுவை அதிகம், சம்பளம் வாங்குற பையனுக்கும் எட்டுற விலை.

இந்த வர்ணனை மதுரையில எதுக்குப் பொருந்தும்? யமஹா ஆர்எக்ஸ் 100-க்குத்தான். 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோட சேர்ந்து 1985-ல இறக்குச்சு, 1996-ல தயாரிப்பு நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி வந்த ராஜ்தூத் 350-ஐ இன்னைக்கும் 'ஆர்டி'ன்னு சொல்லிக் கும்பிடுறவங்க இருக்காங்க. ஆனா நம்ம அப்பா, சித்தப்பா காலத்துல தெருத்தெருவா ஓடுனது ஆர்எக்ஸ்தான்.

புது வண்டி இனி வராது. இருக்கிற வண்டிகளும் குறைஞ்சுக்கிட்டே போகுது. அதனாலதான் நல்ல ஒரிஜினல் ஆர்எக்ஸுக்கு இவ்வளவு விலை சொல்றாங்க. இதை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

பவர் எங்கேர்ந்து வருது?

மெக்கானிக் லிஸ்ட்டைப் புரிஞ்சுக்காம பட்ஜெட் போட முடியாது. அதனால சுருக்கமா பார்ப்போம்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி வால்வு கிடையாது. சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஓட்டைகள், அதாவது போர்ட்டுகள்தான் வேலையைப் பார்க்குது. பிஸ்டன் மேலயும் கீழயும் போகும்போது அந்தப் போர்ட்டுகள் திறந்து மூடும்.

எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கொஞ்சம் மேல உயர்த்திக் கடைஞ்சா அது சீக்கிரமே திறக்கும். மேல் ஆர்பிஎம்-ல பவர் கூடும், கீழ் ஆர்பிஎம்-ல இழுவை போயிரும். டிராக்ல அது லாபம். கீழமாசி வீதி நெரிசல்ல அதே வண்டி இழுக்காம முக்கும்.

அடுத்து எக்ஸ்பான்ஷன் சேம்பர். சாதாரண சைலன்சருக்குப் பதிலா வயிறு பெருத்த பைப். வெளியே ஓடப் பார்க்கிற பெட்ரோல் கலவையை, அழுத்த அலையை வெச்சு மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளும். அப்புறம் பெரிய கார்புரேட்டர், ரீட் வால்வு, ஹெட்டைக் கடைஞ்சு கம்ப்ரஷன் ஏத்துறது, இக்னிஷன் டைமிங், ஸ்பிராக்கெட் மாத்துறது.

இதுல எதுவுமே தனியா வராது. பைப் மாத்துனா ஜெட் மாத்தணும். ஜெட்டைச் சரியா வைக்காம கலவையில பெட்ரோல் கம்மியாச்சுன்னா, சூடேறி பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சுக்கும். 'சீஸ் ஆயிருச்சு'ன்னு சொல்றது இதைத்தான். பவர் ஏறுனா கிளட்ச் வழுக்கும். கிளட்சைப் பலப்படுத்துனா செயின் திணறும். வேகம் கூடுனதும், முன்னாடி இருக்கிற அந்தப் பழைய டிரம் பிரேக் பத்தாதுன்னு தெரியும்.

ஒரு பலவீனத்தைச் சரி பண்ணுனா அடுத்த பலவீனம் தலை தூக்கும். மெக்கானிக் ஏமாத்துறார்னு நினைக்காதீங்க, இன்ஜினோட குணமே அதுதான். லிஸ்ட்ல எழுதியிருக்கிற தொகை ஆரம்பத் தொகை மட்டும்தான்.

ஒவ்வொரு வினாடிக்கும் என்ன விலை?

டிராக் ரேஸோட பாரம்பரியத் தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். நம்ம நாட்டுல தூரம் போட்டிக்குப் போட்டி மாறும். டிராக் ஆளுங்க பயன்படுத்துற ஒரு தோராய விதி இருக்கு: எடையைக் குதிரைத்திறனால வகுத்து வர்ற எண்ணோட கனமூலத்தைப் பொறுத்துதான் கால் மைல் நேரம் மாறும். ரொம்ப யோசிக்காதீங்க, நானே போட்டுத் தர்றேன்.

வண்டி 103 கிலோ, ஓட்டுறவர் 65 கிலோ, மொத்தம் 168 கிலோ. அந்த விதிப்படி:

- 11 குதிரைத்திறன்: சுமார் 18.8 வினாடி
- 13.2 குதிரைத்திறன்: சுமார் 17.7 வினாடி
- 15.4 குதிரைத்திறன்: சுமார் 16.8 வினாடி
- 17.6 குதிரைத்திறன்: சுமார் 16.1 வினாடி
- 19.8 குதிரைத்திறன்: சுமார் 15.5 வினாடி

ஒவ்வொரு படியிலயும் ஏத்துனது அதே 2.2 குதிரைத்திறன்தான். முதல் படியில 1.1 வினாடி குறைஞ்சுது. அடுத்த படியில 0.9, அப்புறம் 0.7, கடைசியில 0.6. பலன் குறைஞ்சுக்கிட்டே வருது. செலவோ நேர்மாறா ஏறும். முதல் படி ஜெட், பைப்போட முடிஞ்சிரலாம். நாலாவது படிக்குக் கிராங்க், பிஸ்டன், கிளட்ச்னு எல்லாத்தையும் தொடணும்.

இன்னொரு கணக்கு. ஓட்டுற நீங்க 8 கிலோ எடை குறைச்சா, 11 குதிரைத்திறன்லயே சுமார் 0.3 வினாடி குறையும். செலவு பூஜ்ஜியம். நைட்டு சாப்பிடுற புரோட்டாவுல ரெண்டைக் குறைச்சாப் போதும்!

நம்ம சேனல்ல அடிக்கடி சொல்றதுதான். வருமானத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி, காசில்லாம குறைக்கக் கூடியதை முதல்ல குறைங்க.

லோன் போட்டா என்ன ஆகும்?

தம்பி காட்டுன ஆஃபர் இது: 1,50,000 ரூபாய், 15 சதவீத வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 5,200 ரூபாய். மொத்தம் கட்டப் போறது 1,87,200. வட்டி மட்டும் 37,200. பிராசஸிங் ஃபீஸ் தனி.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மாசம் 5,200 உன்னால கட்ட முடியும்னா, அதே 5,200-ஐச் சேர்க்கவும் முடியும்ல? ஒரு பைசா வட்டி வரலைன்னே வெச்சுக்க. ஒன்றரை லட்சம் சேர எத்தனை மாசம்?"

29 மாசம்.

லோன்னா 36 மாசம் கட்டணும், சேர்த்தா 29 மாசத்துல முடிஞ்சிரும். ரெக்கரிங் டெபாசிட்ல போட்டா இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே முடியும். லோன் நமக்குக் குடுக்கிறது 'இன்னைக்கே' ஆரம்பிக்கிற சந்தோஷத்தை மட்டும்தான். அதோட விலை 37,200 ரூபாய், ஏழு மாசத்துக்கு மேலான உங்க சேமிப்பு.

அதுலயும் மோசம், ஆறாவது மாசம் பிஸ்டன் சீஸ் ஆனா என்ன பண்றது? லோன் ஓடிக்கிட்டே இருக்கும், வண்டி ஓடாது. ரிப்பேருக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க. பாக்கி வெச்சா கார்டுல மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஏறும், வருஷத்துக்கு 36 சதவீதத்துக்கும் மேல. ஆசைக்கு வாங்குன கடனை அடைக்க இன்னொரு கடன்.

இது முதலீடு இல்லையா அண்ணே?

தம்பி உடனே மடக்குனான். "ஆர்எக்ஸ் விலை ஏறிக்கிட்டுதானே இருக்கு? செலவு பண்ணுனா வேல்யூ கூடாதா?"

கூடாது. பல நேரம் குறையும். பழைய வண்டிக்கு விலை குடுக்கிறவர் தேடுறது ஒரிஜினல் இன்ஜின், ஒரிஜினல் சைலன்சர், ஒரிஜினல் பெயின்ட், பொருந்துற இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர். போர்ட் கடைஞ்ச பிளாக்கும் வெட்டுன ஃபிரேமும் அவருக்கு வேண்டாத சாமான். நீங்க போட்ட ஒன்றரை லட்சம் திரும்பி வராது. போதாக்குறைக்கு வண்டியோட சொந்த மதிப்பையும் அது தின்னுரும்.

அதனால ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இதைப் பழையபடி திருப்ப முடியுமா?

திருப்ப முடியும்: சேம்பர், கார்புரேட்டர், ஸ்பிராக்கெட், கிளட்ச் ஸ்பிரிங், டயர். கழட்டிட்டுப் பழசை மாட்டிரலாம்.

திருப்ப முடியாது: போர்ட் கடையிறது, ஹெட்டை இழைக்கிறது, ஃபிரேமை வெட்டுறது, கிராங்க்கேஸைத் தோண்டுறது. எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

திருப்ப முடியாத வேலைக்கு, தனியா இன்னொரு பிளாக், இன்னொரு ஹெட் வாங்குங்க. அப்பாவோட ஒரிஜினலை ஆயில் தடவி, சாக்குல சுத்தி, பரண் மேல வைங்க. கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஆனா நாளைக்கு மனசு மாறுனா திரும்பிப் போக வழி இருக்கும். சரியாச் சொன்னா இது ஒரு இன்சூரன்ஸ் பிரீமியம்.

ரோட்டுல ஓட்டுனா கணக்கே வேற

இந்தப் பகுதியை வேகமா தாண்டிப் போயிராதீங்க.

நைட்டு ரிங் ரோட்டுலயோ, திருமங்கலம் பக்கம் நாலு வழிச்சாலையிலயோ 'சும்மா ஒரு இழு இழுத்துப் பார்ப்போம்'னு தோணும். அதுக்குச் சட்டம் வெச்சிருக்கிற விலை இது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்சி புக்ல இருக்கிற அடிப்படை விவரங்களிலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. தயாரிப்பாளர் குடுத்த அமைப்புக்கு எதிரா மாத்த முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில தெளிவாச் சொல்லிருச்சு. ஆர்எக்ஸ் 100-ல 135-ஓட சிலிண்டரைப் போடுறாங்களே, அதுவும் இதுல வரும். ஸ்ட்ரோக் ரெண்டுக்கும் 50 மில்லிமீட்டர்தான், ஆனா போர் 50-லேர்ந்து 58 ஆகுது. அதனால 98 சி.சி. 132 சி.சி. ஆயிரும். ஆர்சில ஒண்ணு, ரோட்டுல ஒண்ணு.

சட்டத்துல உள்ள உச்ச வரம்புகள்:

- அனுமதியில்லாத மாற்றம்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்.
- சத்தம், புகை விதிமீறல்: முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாசம் முடங்கும்.
- பொது ரோட்டுல ரேஸ்: முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறை. மறுபடி மாட்டுனா 10,000 ரூபாய், ஒரு வருஷம் வரை.

இதெல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு இன்சூரன்ஸ்ல இருக்கு. 75-லேர்ந்து 150 சி.சி. வரைக்குமான பைக்குக்கு 2022 ஜூன்ல நிர்ணயிச்ச தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. உங்க பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்புகள்'ங்கிற பத்தியைப் படிங்க. ரேஸ், வேகச் சோதனை ரெண்டுக்கும் பாலிசி செல்லாதுன்னு இருக்கும். அந்த நிபந்தனையைக் காட்டி விலகுறதுக்குச் சட்டமே கம்பெனிக்கு வழி குடுக்குது. அப்போ இழப்பீடு யார் தலையில விழும்? உங்க தலையில. இல்லைன்னா வண்டி உரிமையாளரான அப்பா தலையில.

எவ்வளவு இருக்கும்? ஒரு உதாரணம். 30 வயசு, மாசம் 15,000 சம்பாதிக்கிறவர், மனைவியும் ஒரு குழந்தையும் அவரை நம்பி இருக்காங்க. ரோடைக் கடக்கும்போது உங்க வண்டி மோதி இறந்துட்டார்னு வைங்க. நீதிமன்றங்கள் பின்பற்றுற முறைப்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தா 21,000. அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சா 14,000. வருஷத்துக்கு 1,68,000. அந்த வயசுக்கான பெருக்கல் எண் 17. வர்றது 28,56,000 ரூபாய். இதுக்கு மேல இன்னும் சில தலைப்புகள்ல சேரும், வட்டியும் சேரும்.

28,000 சம்பளத்துல எட்டரை வருஷம் ஒரு ரூபாயும் செலவழிக்காம இருந்தாத்தான் அந்தத் தொகை வரும். போன உயிர் அதுக்கும் திரும்பாது. அவரோட வீட்டை நினைச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் கம்பெனி பேக்ரவுண்ட் செக்ல வர்ற எஃப்ஐஆரைப் பத்தி யோசிங்க.

அப்போ எங்கதான் ஓட்டுறது?

டிராக்ல. அமெரிக்காவுலயும் இதே பிரச்சனை இருந்துச்சு. ரோட்டுல ரேஸ் விட்ட பசங்களை ஒரு ஒழுங்குக்குள்ள கொண்டு வரத்தான் 1951-ல என்ஹெச்ஆர்ஏ அமைப்பு உருவாச்சு. அங்க ஆரம்ப காலத்துல பல பந்தயங்கள் நடந்தது பழைய விமான ஓடுதளங்கள்ல. நம்ம சோழவரமும் அப்படித்தான். போர்க்கால விமான ஓடுதளம், பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ரேஸ் களம். இப்போ அந்த கிளப்போட டிராக் இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. எஃப்எம்எஸ்சிஐ அங்கீகாரத்தோட தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகளை இந்த கிளப் நடத்தியிருக்கு. டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குன்னு தனிப் பிரிவுகள் உண்டு. உங்க ஆர்எக்ஸ் சூப்பர்பைக்கோட மோத வேண்டியதில்லை.

ஆனா மதுரையிலேர்ந்து அது சுமார் 450 கிலோமீட்டர். டிராக் வண்டியை ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, லோடு வண்டியில ஏத்தணும். ரேஸ் லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், முழு உடம்புக்கு லெதர் சூட், நல்ல ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், தங்குற செலவு, சனிக்கிழமை லீவு. மெக்கானிக் லிஸ்ட்ல இதுல ஒண்ணுகூட இல்லை. ஏன்னா அது அவர் வேலை இல்லை, உங்க வேலை.

பணத்தை எப்படிப் பிரிக்கலாம்?

எவ்வளவு சேர்த்தாலும் அதைப் பத்துப் பங்காப் பிரிங்க. இது என்னோட கணக்கு, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம்.

- 3 பங்கு: பாதுகாப்பு. பிரேக், டயர், ஹெல்மெட், சூட்.
- 2 பங்கு: இன்ஜின் ஆரோக்கியம். கிராங்க் பேரிங், ஆயில் சீல், புது பிஸ்டன், ரிங்.
- 2 பங்கு: பவர். பைப், கார்புரேட்டர், ரெண்டாவது பிளாக்குல போர்ட் வேலை.
- 1 பங்கு: பயணம், நுழைவுக் கட்டணம்.
- 2 பங்கு: தொடவே கூடாது. உடையிறதுக்குன்னு ஒதுக்குனது, ஏன்னா கண்டிப்பா ஏதாவது உடையும்.

பவருக்கு ரெண்டே பங்குதானான்னு கேட்பீங்க. 30 வருஷப் பழைய கிராங்க் மேல பவர் ஏத்துறது, கரையான் அரிச்ச தூண் மேல மாடி கட்டுற மாதிரி.

இந்தப் பத்துப் பங்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் முடிஞ்சிருக்கணும். ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி, கம்பெனி குடுக்கிறது போக சொந்தமா ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ், வீட்டுல யாராவது உங்க சம்பளத்தை நம்பி இருந்தா ஒரு டேர்ம் பாலிசி. பாலிசி எடுக்கும்போது மோட்டார் ரேஸ்ல கலந்துக்கிறதை மறைக்காம எழுதுங்க. மறைச்சா, கிளெய்ம் வர்ற நாள்ல உங்க குடும்பம்தான் அலையும்.

அதோட ஆர்சியையும் பாருங்க. 1996-க்கு முந்தின வண்டி எதுவா இருந்தாலும் 15 வருஷம் எப்பவோ முடிஞ்சிருக்கும். புதுப்பிச்சிருக்கா, யார் பேர்ல இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல விசாரிச்சிட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

தம்பி என்ன பண்ணுனான்?

அன்னைக்கு அவன் அந்தப் பட்டனைத் தட்டல. கொஞ்சம் முகம் வாடித்தான் போனான். அடுத்த மாசத்துலேர்ந்து சம்பளம் ஏறுன மறுநாளே 5,200 ரூபாய் தனி அக்கவுண்ட்டுக்குப் போற மாதிரி செட் பண்ணுனான். அக்கவுண்ட்டுக்கு 'ஆர்எக்ஸ்'னு பேர்.

இது பதினாலாவது மாசம். 72,800 ரூபாய் இருக்கு. அப்பாவோட வண்டி இன்னும் ஸ்டாக்காவே ஓடுது, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரைக்கும் போயிட்டு வருது. ரெண்டாவது பிளாக் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கான், அதுக்குத் தனியா தீபாவளி போனஸ். நடுவுல ஒரு தடவை பஸ் ஏறிப் போய், சும்மா பார்வையாளரா நின்னு டிராக் ரேஸ் பார்த்துட்டு வந்தான்.

போன வாரம் மறுபடி வந்தான். கையில அதே நோட்டுப் பேப்பர். ஆனா லிஸ்ட்ல பாதி அடிச்சிருந்துச்சு.

"அண்ணே, அங்க ஜெயிக்கிறவன் வண்டியைப் பார்த்தேன். பளபளப்பே இல்லைண்ணே. ஆனா ஸ்டார்ட்டுல கிளட்ச் விடுறான் பாருங்க, அது காசு குடுத்து வாங்க முடியாதது. நான் முதல்ல பைப்பு மட்டும் மாட்டி ஓட்டிப் பழகுறேன். மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்."

அந்தப் பேப்பரை வாங்கி, மேல ஒரு வரி எழுதிக் குடுத்தேன். உங்க லிஸ்ட்லயும் அதே வரியை முதல் வரியா எழுதிக்கோங்க: இந்தப் பணம் திரும்பி வராது, அதனால கடன் வாங்கின பணமா இருக்கக் கூடாது.